மூலன் மனையாளும் எந்திர மூளையும்

மாந்தன் ஒருவனது மூளையை நீக்கி, அதன் இடத்தே எந்திரம் ஒன்றனை அமைத்து, அவன் நினைவுகள் யாவும் அதன்கண் ஏற்றப்படின், பின்னர் எழுந்து பேசுபவன் முன்னவன்தானோ, அன்றிப் பிறனோ? மேனாட்டு மெய்யியலார் இவ்வினாவைப் பலவாறு ஆய்ந்துள்ளனர். மூளைக்குள் மின்முனை பதித்து நடுக்குவாதத்தை அடக்கும் மருத்துவம் இன்று வழக்கில் உளது. எனினும் மூளை முழுவதற்கும் மாற்றாக நிற்கும் எந்திரம் இன்னும் இல்லை. ஆயினும் வினாவின் உட்கூறு தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. பெரியபுராணத்துத் திருமூலர் வரலாறும் மணிமேகலையும் இதற்கு இறுக்கும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேக்கிழார் கூறும் வரலாறு யாவரும் அறிந்ததே. கயிலையினின்று பொதியில் நோக்கிப் புறப்பட்ட யோகியார், காஞ்சி முதலிய பதிகளைப் பணிந்து, ஆவடுதுறையை நீங்கி வருங்கால், சாத்தனூரில் ஆயன் மூலன் இறந்து கிடப்பவும் ஆநிரை அவனைச் சூழ்ந்து கதறவும் கண்டார். அவற்றின் துயர் நீங்க மூலன் உடலிற் புகுந்தார். மாலையில் ஆக்கள் தாமே முன் நடந்தன. யோகியார் பின் சென்றார். ஆக்கள் மனைபுக, அவர் வழியிலேயே நின்றார். மூலனுடைய உடல் அவர்பால் உண்டு. ‘இஃது என் மனை’ என்னும் உணர்வு இல்லை. கணவன் பொழுது தாழ்த்தமை கண்டு அஞ்சித் தேடி வந்த மனைவி அவரை அணுகினாள். தமக்கும் அவளுக்கும் உறவேதும் இல்லை எனக் கூறி, அவர் பொதுமடம் புக்கு யோகில் அமர்ந்தார்.

மணிமேகலையில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று உளது. உதயகுமரனுக்கு அஞ்சிய மணிமேகலை மந்திர வலியாற் காயசண்டிகையின் வடிவு கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவ்வடிவைத் தன் மனைவியென்றே கொண்டு, அவள் வேற்றவனோடு உரையாடுதல் கண்டு ஐயுற்று, உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். சாத்தனூரில் உடல் அதுவே, உள்நின்ற உயிர் வேறு. புகாரில் உயிர் அதுவே, வடிவு வேறு. இரண்டிடத்தும் மயங்கியவர் வாழ்க்கைத் துணைவரே. ஓரிடத்துக் கண்ணீர் சிந்திற்று. மற்றோரிடத்துக் குருதி சிந்திற்று. ஆள் யார் என்னும் வினா அவனுக்கு மட்டும் உரியதன்று, அவனோடு உறவு பூண்டார்க்கும் உரியது என்பதனை இவ்விரு நூல்களும் ஒருங்கே உணர்த்துகின்றன.

வடிவு ஆளைக் காட்டும் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும். நினைவு சான்றாகுமோ எனின், ஆம் என்பார் ஆங்கில மெய்யியலறிஞர் லாக். மாந்த அறிவு பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில், அரசிளங்குமரன் ஒருவனது நினைவு செருப்புத் தைப்பவன் உடலிற் புகுமாயின், அங்கு இருப்பவன் அரசிளங்குமரனே என்பது அவர் கருத்து. மணிமேகலை இதற்கு உடன்படுமாறு இல்லை. மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்ட மணிமேகலை, முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதனையும், அன்று தன் கணவனாயிருந்த இராகுலனே இன்று உதயகுமரன் என்பதனையும் உணர்கிறாள். நினைவு முழுதும் மீண்டது. அன்பும் உடன் மீண்டது. எனினும் அவ்வுறவு மீளவில்லை. மீளுதற்கு அவளும் இசைந்திலள். இடையே இறப்பு நின்றமையே அதற்குக் காரணம் என்க.

இனி இதன் மறுதலையை நோக்குவோம். முதுமையில் மறதி நோயுற்று மனைவியின் பெயரையும் மறந்த கணவர் நம் இல்லங்களில் உளர். நினைவே ஆளாயின், அம்மனைவி அயலான் ஒருவனுக்குச் சோறூட்டுகின்றாள் எனல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் யாரும் இலர். நினைவு அற்றது, வாழ்வு அறவில்லை. ஆகவே உறவும் நிற்கிறது.

ஆளை ஆளாக நிறுத்துவது வடிவுமன்று, நினைவுமன்று, வாழ்வின் அறுபடாமையே என்பது இதனாற் போதரும். காஞ்சித் தறியினின்றே இதற்கு ஓர் உவமை காட்டலாம். சேலையின் உடல் ஒரு நிறமும் முந்தி வேறு நிறமுமாக அமைய வேண்டின், நெசவாளர் உடற்பாவின் இழைகளோடு வேற்றுநிறப் பாவின் இழைகளைப் பிணைத்து மேலே நெய்வர். முந்தியில் உடற்பாவின் இழை இல்லை. எனினும் அஃது ஒரே சேலை. துணியை அறுத்து வேறொரு துண்டை ஒட்டினால், நிறமும் கரையும் முற்றும் ஒத்திருப்பினும் அது வேறாம். மூளையின் நுண்கூறுகளை ஒவ்வொன்றாக எந்திரக் கூறுகளால் மாற்றும் கற்பனையை மொராவெக் என்பார் 1988இல் எழுதிய நூலில் விரித்துள்ளார். உணர்வு அறாது அம்மாற்றம் நிகழுமாயின் அது பிணைத்து நெய்தலை ஒக்கும். ஒருவன் இறந்தபின் அவன் நினைவினைப் படியெடுத்து எந்திரத்தில் ஏற்றுதலோ மூலன் உடலில் யோகியார் புகுந்தமையை ஒக்கும்.

ஈண்டுத் தடை ஒன்று எழும். ஆழ்ந்த உறக்கத்திலும் உணர்வு ஒடுங்குகின்றதன்றோ எனின், மெய்கண்டார் அதனையும் கருதியுள்ளார். சிவஞானபோதத்து மூன்றாம் நூற்பாவில் உடலை எந்திரமென்றே சுட்டும் அவர், உறக்கத்தில் நுகர்ச்சியும் தொழிலும் இன்மையைக் காட்டி, உயிர் அவற்றின் வேறென நிறுவுகிறார். மனம் முதலிய அந்தக்கரணங்களும் அவர்க்குக் கருவிகளே. கருவி ஒடுங்குதல் உயிர் நீங்குதல் ஆகாது. காஞ்சியில் அறவண அடிகள்பால் மணிமேகலை கேட்ட பௌத்த அறமோ நிலைத்த உயிரென ஒன்றனைக் கொள்ளாது. சார்பிற் சார்பாகத் தோன்றும் தொடர்ச்சியையே கொள்ளும். அத்தொடர்ச்சியோ இறப்பையும் கடந்து செல்வது. அடிப்படையில் முரணும் இவ்விரு நெறிகளுக்கும் உடலும் மனமும் நிலையாகிய ‘யான்’ அல்ல என்பது உடன்பாடு. எனவே யான் கூறிய அறுபடாமை உயிரின் நிலையைப் பற்றியதன்று. மாந்தர்க்குள் உறவும் உரிமையும் நிற்கும் எல்லையைப் பற்றியதே.

இறுதியாக மூலன் மனையாளின் பக்கம் மீள்வோம். இப்பகுதியை ஏனாத்தூரில் பயிற்றுங்கால் மாணவர் வினவுவது ஒன்று உண்டு: ‘கணவன் இறந்த செய்தி அவளுக்கு எப்போது தெரிந்தது?’ அவள் இரவெல்லாம் துயிலாது, மறுநாள் சான்றோரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து ஆராய்ந்து, ‘இது பித்தன்று, அளத்தற்கரிய சிவயோக நிலை, இவர் இனி உங்கள் சுற்றத்திற்கு உரியராகார்’ என்னும் கருத்துப்படத் தெளிவித்தனர். அவள் துயருற்று மயங்க, அருகிருந்தோர் அழைத்துச் சென்றனர். சான்றோர் கண்டது அவரது இப்போதைய நிலையை; அவர்கள் அறியாதது இடையில் நிகழ்ந்த முறிவை. மூலன் இறந்தான் என்னும் சொல் அவர்கள் உரையில் இல்லை. உயிருள்ள கணவன் தன்னைத் துறந்தான் என்றே அவள் கருதியிருத்தல் கூடும். கைம்மையின் துயர் வேறு. கைவிடப்பட்டமையின் துயர் வேறு.

யோகியார் தம்மை மூலன் என்று கூறிக்கொள்ளவில்லை. அஃது அவர்தம் வாய்மை. நினைவு ஏற்றப்பெற்ற எந்திரமோ, ‘யானே உன் கணவன்’ என ஐயமின்றிக் கூறும். பொய் கூறுகின்றோம் என்னும் எண்ணமும் அதற்கு இராது. ஆதலின் அதன் சொல்லும் சான்றாகாது. இழை அறுந்ததோ, பிணைக்கப்பட்டதோ என்பதனை அத்தொழில் செய்தவரே அறிவர். அதனை உற்றார்க்கு ஒளியாது உரைத்தல் அவர்தம் கடன். அவ்வுண்மையைக் கேட்டறியும் உரிமை மூலன் மனையாளுக்கு இருந்தது. அவளுக்கு அது கிட்டவில்லை. இனி வருவார்க்கேனும் அது கிட்டுதல் வேண்டும்.