பேஸ் இல்லாத பாட்டு

ஸ்லீட்டர்-கின்னி என்ற அமெரிக்கப் பெண்கள் ராக் குழுவின் பாட்டை முதன்முதலாகக் கேட்கிறவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றும். குறைவது பேஸ் கிட்டார். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டு குரல், அவ்வளவுதான் அன்றைய குழு. ராக் இசையில் பாட்டைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது பேஸ்தான். அது இல்லாவிட்டால் பாட்டு மெலிந்துபோக வேண்டும். இவர்களிடம் மெலியவில்லை. கோரின் டக்கரும் கேரி பிரௌன்ஸ்டைனும் கிட்டார்களைச் சுருதி இறக்கிக் கட்டினார்கள். நம் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் நிற்க வேண்டிய தடித்த தந்தி ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிவிடுகிறது. தளர்ந்த தந்திக்கு ஒரு கரகரப்பு வருகிறது, கனமும் வருகிறது. ஒரு கிட்டார் அந்தக் கீழ்த்தந்தியில் நின்று பாட்டைத் தாங்க, மற்றது மேலே கூர்மையாகக் கீறிக்கொண்டு போகிறது. 1996இல் ஜேனட் வைஸ் டிரம்ஸுக்கு வந்த பிறகு, காலடியில் இருந்த வெற்றிடமும் நிரம்பிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘டிக் மீ அவுட்’ தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். டக்கரின் குரல் உச்சத்தில் அதிர்ந்துகொண்டே நிற்க, அடியில் பிரௌன்ஸ்டைன் வேறு சொற்களை வேறு மெட்டில் சொல்லிக்கொண்டு போவார். ஒரே நேரத்தில் இருவர் பேசுகிறார்கள், ஆனால் யாரும் யாரையும் அடக்கவில்லை. எனக்கு இந்த இசையில் மயக்கம் வந்ததே அந்த இடத்தில்தான்.

பேஸ் இல்லாமல் வாசித்தவர்கள் இவர்கள் மட்டுமல்ல. பிராட்மொபைல் குழுவில் எரின் ஸ்மித்தின் கிட்டார், மோலி நியூமனின் டிரம்ஸ், அலிசன் உல்ஃபின் குரல். டக்கரின் முந்தைய குழுவான ஹெவன்ஸ் டு பெட்சியில் ஆட்களே இரண்டு பேர், பெரும்பாலும் பேஸ் இல்லாமல்தான். ஆர்கன்சாவிலிருந்து கிளம்பி வந்த கோசிப் குழு, பெத் டிட்டோவின் பெருங்குரலை ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ் மீது மட்டுமே நிறுத்தியது. எல்லாரும் ஒரே ஊரோடு தொடர்புடையவர்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகரான ஒலிம்பியா. தலைநகர் என்றாலும் சிறிய ஊர்தான். அங்கே எவர்கிரீன் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் மாணவருக்கு மதிப்பெண் கிடையாது. என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று ஆசிரியர் பத்தி பத்தியாக எழுதித் தருவார். அந்த ஊரின் இசையைக் கேட்கும்போதெல்லாம் இந்த வழக்கம் எனக்கு நினைவுக்கு வரும்.

பேஸ் இல்லாததற்குப் பெரிய கொள்கை விளக்கம் எதையும் நான் தேடவில்லை. தோழிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை, கையில் இருப்பது ஒரு கிட்டாரும் ஒரு டிரம்ஸும். ஆள் கிடைக்கும்வரை, விரல் பழகும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இருப்பதை வைத்தே மேடை ஏறினார்கள். அப்படிப் பிறந்த ஓசை பின்னால் ஒரு பாணியாகவே நிலைத்துவிட்டது. இந்தக் குழுக்களில் பல பின்னாளில் வாசித்த பெண்ணியக் கலை விழா என்ற வடிவத்தை இந்த வாசல் வழியாகப் போய்ப் பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். அங்கே ரசிக்க வேண்டியது முடிந்த பொருளை மட்டுமல்ல, பொருள் நம் கண்ணெதிரே உருவாகிற விதத்தையும்தான்.

1991 ஆகஸ்ட் 20 அன்று ஒலிம்பியாவின் கேபிடல் தியேட்டரில், ஐந்தாறு நாள் நீண்ட ஒரு சுயாதீன இசை மாநாட்டின் முதல் இரவைப் பெண்களுக்கே ஒதுக்கினார்கள். ஹெவன்ஸ் டு பெட்சி அன்று வாசித்தது, பிராட்மொபைல் வாசித்தது. ‘ரயட் கேர்ள்’ என்று பிறகு உலகம் அறிந்த பெண்ணிய பங்க் அலைக்கு அந்த இரவை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா கச்சேரி நடுவில் பெண்களை முன்வரிசைக்கு வரச் சொல்வதும், பாட்டின் வரிகளை அச்சடித்துக் கூட்டத்தில் கொடுப்பதும் அந்தக் காலத்து வழக்கங்கள். அன்றைய பங்க் கச்சேரியில் முன்வரிசை என்பது ஆண்கள் முட்டி மோதும் இடம். பெண்கள் சுவரோரம் நின்று, காதலனின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். முன்னே வரச் சொன்ன அந்த ஒரு சொல்லால் கூடத்தின் அமைப்பே மாறியது. பாடுகிறவர் யார் முகத்தைப் பார்த்துப் பாடுகிறார் என்பதும் அதோடு மாறியது. பாட்டின் தொனி மாற இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஒன்பது ஆண்டு கழித்து, 2000 ஆகஸ்டின் முதல் வாரத்தில், அதே ஊரில் லேடிஃபெஸ்ட் என்ற பெண்ணியக் கலை விழா முதன்முதலாக நடந்தது. சாரா டோகர், தெரசா கார்மடி, அலிசன் உல்ஃப், ஸ்லீட்டர்-கின்னி குழுவினர் என்று பலர் சேர்ந்து, லாப நோக்கமில்லாமல், தன்னார்வலர்களின் உழைப்பில் நடத்தினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். ஸ்லீட்டர்-கின்னியும் பிராட்மொபைலும் கோசிப்பும் வாசித்தன. இசையோடு திரைப்படம், ஓவியம், கருத்தரங்கு, பயிற்சிப் பட்டறை எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பெயரை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்திக்கொள்ளலாம். 2001இல் கிளாஸ்கோ, 2002இல் லண்டனும் ஆம்ஸ்டர்டாமும், 2003இல் பெர்லின் என்று பரவிப் போனது. தலைமை அலுவலகம் இல்லை, அனுமதி வாங்க ஆளும் இல்லை.

ஜெர்மனியில் நான் போன லேடிஃபெஸ்ட் ஒரு சிறுநகர இளைஞர் மையத்தில் நடந்தது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு கீழ்வரம்பும் மேல்வரம்பும் எழுதி வைத்திருந்தார்கள், அவரவர் வசதிக்கு நடுவில் எதையாவது கொடுக்கலாம். உணவு பெரிய அண்டாவில், எல்லாருக்கும் ஒரே பருப்புக் குழம்பு. கூட்டத்தில் யாருக்காவது தொந்தரவு நேர்ந்தால் போய்ச் சொல்ல, கையில் ஊதாப் பட்டை கட்டிய சிலர் இரவு முழுதும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இவையெல்லாம் இன்று இத்தகைய விழாக்களில் வழக்கமாகிவிட்டவை.

மதியம் நடந்த சவுண்ட் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிட்டார் வாசிக்கும் பெண்கள் பலருக்கும் நேர்கிற அனுபவம் ஒன்று உண்டு. மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் ஆணாக இருப்பார். அவளுடைய ஆம்ப்பைப் பற்றிய கேள்வியை அவளிடம் கேட்காமல் பக்கத்தில் நிற்கும் ஆணிடம் கேட்பார். அந்த நாற்காலியில் பெண்களை உட்காரவைக்கத்தான் இந்தப் பட்டறை. சொல்லிக்கொடுத்தவர் நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, இடுப்பில் டேப்புச் சுருள். மிக்ஸரின் ஒரு வரிசையை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் துணியால் மூடினார். “மேலேயிருந்து கீழே படிங்க, புத்தகம் மாதிரி,” என்றார். மேலே உள்ள கெயின் திருகுதான் மைக்கில் வரும் ஒலியை உள்ளே வாங்கும் வாசல். நடுவில் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் திருகுகள். அடியில் ஃபேடர். உள்ளே வாங்குவதைச் சரியாக வைக்காமல் ஃபேடரை ஏற்றிப் பயனில்லை. பாடுகிற மைக்கில் அடிக்கனத்தை வெட்டும் பொத்தானை அழுத்தியதும், மேடைப் பலகையின் அதிர்வும் மூச்சின் உறுமலும் மறைந்து சொற்கள் மட்டும் தெளிந்து நின்றன. மைக் ஊளையிடும்போது முதல் வேலை ஒலியைக் குறைப்பதல்ல, மைக் எந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது என்று செய்துகாட்டினார்.

பிறகு கேபிள் சுற்றப் பழக்கினார். முழங்கையில் போட்டுச் சுற்றினால் உள்ளே முறுக்கேறி, நாளடைவில் கேபிள் செத்துவிடும். ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்ளங்கையைத் திருப்பிக் கீழாக. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் வீசும்போது சிக்கில்லாமல் நேராக ஓடும். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு மூன்று தடவை சிக்கிய பிறகு, சரியாகச் சுற்றிக் கூடத்தின் மறுகோடிக்கு வீசினாள். கேபிள் தரையில் ஒரே கோடாகப் போய் விழுந்தது. அன்று இரவு முதல் குழுவுக்கு மிக்ஸரில் உட்கார்ந்தவளும் அவள்தான், பட்டறை நடத்தியவர் பின்னால் கைகட்டி நின்றார்.

மாடிப்படி ஓரத்தில் சிற்றிதழ் மேசை. தமிழில் சிற்றிதழ் மரபு தெரிந்தவருக்கு அந்த மேசை அந்நியமாக இராது, அளவுதான் இன்னும் சின்னது. ஒரே ஒரு ஏ4 தாள். அதை எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் மட்டும் கத்திரியால் ஒரு கீறல் போட்டு, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் கையில் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் நகல் எடுத்தால் போதும், தைக்க வேண்டாம், பின் அடிக்க வேண்டாம். நான் வாங்கியவற்றில் ஒன்று ஒரு பேருந்து ஓட்டுநர் தன் இரவுப் பணி பற்றி எழுதி வரைந்தது. எட்டுப் பக்கத்தில் ஆறில் எழுத்தே இல்லை, கண்ணாடியில் தெரியும் பின்னிருக்கைகள் மட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பயணிகளில் ஒருவர் குறைகிறார். இடம் குறைவு என்பதால் ஓவியர் எடுத்த முடிவுதான் இது. இடம் நிறைய இருந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இரவுக் கச்சேரியில் எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஒரு குழு கோஷங்களை எடுத்து மூன்று சுரத்தில் போட்டு வேகமாக வாசித்தது. கருத்தில் எனக்கு மறுப்பே இல்லை, பாட்டில் கேட்க ஒன்றுமில்லை. நியாயமான கோபம் தானாகப் பாட்டாகிவிடாது என்று இந்த விழாக்களை நேசிப்பவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் முதுகில் தட்டிக்கொடுப்பது அந்தப் பெண்களைக் கலைஞர்களாக மதிக்காத செயல்.

அடுத்து வந்தவர்கள் இருவர். ஒருத்தி கிட்டார், ஒருத்தி டிரம்ஸ். டிரம்ஸ் வாசித்தவளின் இடக்கை ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை பிந்தி விழுந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் இருவரும் பிரிந்துபோய்விட்டார்கள். கிட்டார் நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நாலு எண்ணி மறுபடி தொடங்கினார்கள், இந்த முறை காலத்தை நன்றாகக் குறைத்து. அந்த மெதுவில் பாட்டே வேறாகிவிட்டது. வேகத்தில் புரியாமல் ஓடிய வரிகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. பிந்தி விழுந்த இடக்கை இப்போது குறையாகத் தெரியவில்லை, பாடுகிறவளின் தயக்கத்துக்குப் பொருத்தமான தாளமாக உட்கார்ந்துகொண்டது. சபாக் கச்சேரிகளில் வளர்ந்த காது என்னுடையது. பல ஆண்டு சாதகம், பிறகு குருவின் சம்மதம், அதற்கப்புறமே அரங்கேற்றம் என்ற ஒழுங்கை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த ஒழுங்கு தருகிற இன்பம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் ஒருவர் மேடையிலேயே முடிவெடுப்பதைக் கேட்கிற இன்பம் என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்குத் தந்தவர்கள் அந்த இருவர்.

இந்த மரபின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளையும் சேர்த்துத்தான் அதை நேசிக்க வேண்டும். 1990களின் ரயட் கேர்ள் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களின் கூட்டமாகவே இருந்தது. முன்வரிசைக்கு வரச் சொன்னபோதும் அந்த வரிசையில் தங்களைக் காணாத பெண்கள் பலர். மிமி தி நுயென் 1997இல் வெள்ளையரல்லாத பங்க் கலைஞர்களின் எழுத்துகளைத் திரட்டி ‘எவலூஷன் ஆஃப் எ ரேஸ் ரயட்’ என்ற இதழைக் கொண்டுவந்தார். நியூயார்க்கில் டமர்-காலி, ஹனிசைல்ட் கோல்மன் போன்ற கறுப்பினப் பெண்கள் ‘சிஸ்டா கேர்ள் ரயட்’ என்று தங்கள் கச்சேரிகளைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள். யாரைப் பெண் என்று கணக்கில் சேர்ப்பது என்ற சண்டையும் பெரியது. 1976 முதல் 2015 வரை காட்டு நடுவே பெண்களே மேடை கட்டி நடத்திய மிச்சிகன் பெண்கள் இசை விழா, திருநங்கையரை ஏற்காத தன் நிலைப்பாட்டால் கடைசிவரை எதிர்ப்பைச் சந்தித்தது. அவர்கள் கையால் எழுப்பிய அந்த மேடைகளை நான் வியக்கிறேன். அந்த வேலியை என்னால் ஏற்க முடியவில்லை. பிந்தைய லேடிஃபெஸ்டுகளில் பல தங்களைக் குவியர் பெண்ணிய விழா என்றே அறிவித்துக்கொண்டன. நான் போனதும் அப்படித்தான்.

இருப்பதை வைத்து மேடை ஏறும் அந்த வழக்கம் வேறு வடிவத்திலும் தொடர்ந்தது. 2013இல் லண்டனில் ‘ஃபர்ஸ்ட் டைமர்ஸ்’ என்ற கச்சேரித் தொடர் ஆரம்பித்தது. அதில் வாசிக்க முக்கியமான நிபந்தனை, அது அந்தக் குழுவின் முதல் மேடையாக இருக்க வேண்டும். அந்த மேடைக்காகக் கூடிய குழுக்களில் ஒன்று பிக் ஜோனி, கறுப்பினப் பெண்கள் மூவர். 2018இல் அவர்களுடைய முதல் தொகுப்பு ‘சிஸ்டாஸ்’ வந்தது. பின்னாளில் ஸ்லீட்டர்-கின்னி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் வந்தபோது முன்கச்சேரி செய்ததும் இவர்களே. மூவரில் சார்டீன் டெய்லர்-ஸ்டோன் அப்போது நின்றுகொண்டே டிரம்ஸ் வாசித்தார். உட்கார்ந்து இரண்டு காலையும் இரண்டு கையையும் ஓட்டும் வித்தை எதுவும் இல்லை. சில தோல்கள், இரண்டு குச்சி, நேர்கோட்டு நடை. ஸ்டெஃபனி பிலிப்ஸின் கிட்டார் அதன்மேல் மங்கலாகப் பரவ, பழைய பெண்குரல் குழுக்களின் பாட்டுச் சாயல் எங்கிருந்தோ வந்து கலக்கும். இவர்களிடம் பேஸ் உண்டு. அந்த டிரம்ஸில் இல்லாதவற்றை எண்ணிக்கொண்டே ஒரு பாட்டு கேளுங்கள். இரண்டாவது பாட்டில் எண்ண மறந்துவிடுவீர்கள்.