உழைப்பு மட்டும் அளவுகோலாகுமா? – ‘சீதா சிங்ஸ் த புளூஸ்’ கார்ட்டூன் படம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு படைப்பைத் தனியொருவர் பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கினார் என்று கேள்வியுற்ற அளவிலேயே நம் உள்ளம் இளகிவிடுகிறது. அதில் குறை காண்பது கொடுமையென்று தோன்றுகிறது. நம் சங்க மேடைகளில் ஏறும் நாடகங்களையும் நாம் இவ்வாறே வரவேற்கிறோம். அலுவலகம் விட்டு வந்து ஒத்திகை பார்த்த அன்பர்களின் ஆர்வத்துக்குக் கைதட்டுகிறோம். நாடகம் எவ்வாறு அமைந்தது என்று கேட்பாரில்லை. ஆர்வம் ஒரு படைப்பைத் தொடங்கிவைக்கும். அதன் தகுதிக்குச் சான்று வழங்காது. இக்கருத்தை, அமெரிக்க ஓவியர் நீனா பேலி ஆக்கிய ‘சீதா சிங்ஸ் த புளூஸ்’ என்னும் கார்ட்டூன் படத்தை முன்வைத்து ஆராய விழைகிறோம்.

நீனா பேலி செய்தித்தாள்களுக்குச் சித்திரத் தொடர்கள் வரைந்தவர். கார்ட்டூன் படக்கலையைத் தாமே பயின்றவர். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை அமையவே, அவரும் அங்குச் சென்றார். பின்னர் அலுவல் நிமித்தம் நியூயார்க் சென்றிருந்தபோது, திரும்பி வரவேண்டாம் என்று கணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சீதையின் துயரில் அவர் தம் துயரைக் கண்டார். பெரிய பட நிறுவனம் எதன் துணையுமின்றி, வீட்டுக் கணிப்பொறியில் சில ஆண்டுகள் தாமே வரைந்து 82 நிமிடப் படமாக அதனை முடித்தார். 2008-ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் அது திரையிடப்பெற்றது. அவ்வாண்டே பிரான்சு நாட்டு அன்னெசி விழாவில் சிறந்த முழுநீளப் படத்துக்கான பரிசையும் பெற்றது.

படத்தில் சீதை பாடுவனவெல்லாம் 1920-களின் பிற்பகுதியில் ஆனெட் ஹான்ஷா என்னும் அமெரிக்கப் பாடகி இசைத்தட்டில் பாடியவை. அப்பாடல்களின் பதிப்புரிமைக்கு முதலில் சுமார் 2,20,000 டாலர் ஆகுமெனக் கணக்கிடப்பட்டது. பேச்சுகளுக்குப் பின் 50,000 டாலரளவில் உடன்பாடு ஏற்பட, அதற்கும் அவர் கடன் வாங்கினார். 2009-இல், எவரும் படியெடுக்கலாம், எவரும் திரையிடலாம் என்று படத்தை உலகுக்கு வழங்கிவிட்டார். இத்தகைய துணிவைப் போற்றாதார் யார்? ஆயினும் போற்றுதல் வேறு, மதிப்பிடுதல் வேறு.

முதலில் நிறைகளைக் காண்போம். நீனாவின் சொந்தக் கதை நடுங்கும் கோடுகளாலும், இராமாயண உரையாடல்கள் இராசபுத்திரச் சிற்றோவியங்களின் சாயலிலும், பாடல்கள் வழவழப்பான வட்ட வடிவங்களாலும் வரையப்பட்டுள்ளன. இவற்றுக்கிடையே மூன்று நிழற்பாவைகள் தோன்றிக் கதையை விவாதிக்கின்றன. அவற்றுக்குக் குரல் தந்த இந்தியர் மூவரும், எழுதிவைத்த வசனமின்றி, நினைவில் நின்றதைக் கொண்டே பேசுகின்றனர். எந்த நூற்றாண்டுக் கதை என்பதிலேயே மாறுபடுகின்றனர். படத்தின் உயிர் இங்கேதான் உள்ளதென்பது எம் கருத்து. நம் வீடுகளில் இராமாயணம் உண்மையில் வழங்கும் முறை இதுவேயன்றோ?

இந்நிழற்பாவைகள் நமக்குப் பாலக்காட்டுப் பகுதியின் தோற்பாவைக் கூத்தை நினைவூட்டுகின்றன. அங்குப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாடல்களைப் பாடி, பாவைகளின் வாயிலாக வினாவும் விடையுமாக விளக்கம் சொல்லி, இரவு முழுதும் கூத்து நிகழ்த்துவர். திரைக்கு முன் ஆளே இல்லாத இரவுகளும் உண்டு. தேவி காண்கிறாள் என்னும் நம்பிக்கையே போதும். இதனினும் மிக்க ஆர்வம் ஏது? எனினும் அவ்வார்வத்தை நெறிப்படுத்த மனப்பாடமான பாடல்கள் உள்ளன. வழிவழி வந்த பயிற்சி உள்ளது. நீனா பேலியின் ஆர்வத்தை நெறிப்படுத்த அவர்தம் துயரம் ஒன்றே இருந்தது. படத்தின் குறை இங்கே தொடங்குகிறது.

இப்படத்தில் பாடும் சீதை, காதலனை இழந்து ஏங்குபவள் மட்டுமே. பாடல்கள் இனியவை, எனினும் கடத்தலாயினும் சிறையாயினும் நாடுகடத்தலாயினும் ஒரே ஏக்கமே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கம்பன் காட்டும் சீதையோ, அனுமன் தோளில் ஏறிச்செல்ல மறுத்தவள். தன் சொல்லொன்றாலேயே உலகங்களைச் சுடவல்லவளாயினும், அது கணவனின் வில்லாற்றலுக்கு மாசாகும் என்று அடங்கியிருந்தவள். அந்த மிடுக்கின் நிழல்கூடப் பாடும் சீதையிடம் இல்லை. நிலமகள் தன்னை ஏற்குமாறு வேண்டும் இறுதிக் கட்டத்திலேதான் அவள் நிமிர்கிறாள்.

இராமனைக் கணவரோடு இணைவைத்ததும் பொருந்தவில்லை. இராமன் செய்தது அநீதி என்றே கொள்வோம். அந்த அநீதிக்குப் பின்னே அரசும் ஊரார் பழியும் உள்ளன. அறம் இரண்டாகப் பிளந்து நிற்கும் வேதனை உள்ளது. மின்னஞ்சல் விடுத்த கணவருக்குப் பின்னே அவையேதும் இல்லை. இணைவைத்ததால் கணவர் பெரியவராகவில்லை, காப்பியம் சிறுத்துவிட்டது.

அயல்நாட்டார் நம் காப்பியத்தைத் தொடலாகாது என்று இப்படத்தை எதிர்த்தாரும் உளர். அவர்களோடு யாம் உடன்படோம். முடிசூட்டோடு நூலை நிறைவு செய்த கம்பனும் வான்மீகியை மாற்றிச் சொன்னவனே. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இராமன்மீது அதனினும் கடுமையான தீர்ப்பு உண்டோ? அங்கே ஆசிரியரின் சொந்தத் துயர் எதுவென்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையை அக்கதை விட்டுவைக்கவில்லை. நீனாவின் படமோ, அவர் வாழ்க்கைக் கதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டே நடக்கிறது.

நமக்கு இது வெறும் இலக்கிய வழக்கன்று. பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தறியார். கம்பனைப் படிக்கும் வாய்ப்பற்றவர். விலையின்றிக் கிடைக்கும் இப்படமே அவர்கள் காணும் முதற்சீதையாகவும் அமையலாம். அதனை நாம் தடுக்க வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகளோடு உடனிருந்து காண்போம். நிழற்பாவைகள் விவாதிக்குமிடத்தில் நாமும் கலந்துகொண்டு, அசோகவனத்துச் சீதை என்ன சொன்னாள் என்பதைத் தமிழில் சொல்வோம். தனியொருவரின் உழைப்புக்குத் தலைவணங்குவோம். படைப்பை மட்டும் அதன் தரத்தால் எடைபோடுவோம். அடுத்த ஆண்டு விழாவில் நம் மேடை ஏறும் நாடகத்துக்கும் அதே தராசு பொருந்தும்.