மொன்றியலின் நண்பகலை ரசிப்பது எப்படி?

சூரியனை வைத்துப் பார்த்தால் பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. 360 பாகையை 24ஆல் வகுத்தால் மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சுழற்சி மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதால், கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முந்தி உச்சிக்கு வரும். தீர்க்கரேகை தெரிந்தால் ஓர் ஊருக்கே உரிய நேரமும் தெரிந்துவிடும்.

மொன்றியல் மேற்குத் தீர்க்கரேகை 73 பாகை 34 கலையில் இருக்கிறது. நகரத்துக் கடிகாரங்களோ 75 பாகைக் கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. அந்தக் கோடு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மேற்கே, ஒன்ராறியோவின் கார்ன்வால் நகருக்குச் சற்று அப்பால் செல்கிறது. ஆகவே மொன்றியலின் சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 6 நிமிடம் முந்தியது. இப்படி ஒரு கோட்டின் நேரத்தைச் சுற்றியுள்ள பகுதி முழுதும் பின்பற்றும் மண்டல நேரத்துக்கு வட அமெரிக்க ரயில்வேக்கள் மாறியது 1883 நவம்பர் 18இல். இதற்காக அயராமல் வாதாடியவர் கனடிய ரயில்வே பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங். சூரியக் கணக்கில் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் 23 நிமிட வேறுபாடு உண்டு. மண்டல நேரம் அதை அழித்து இரண்டு ஊர்களையும் ஒரே மணியில் நிறுத்தியது.

கடிகாரம் மறைத்ததை நிழல் காட்டும். சமதரையில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். நிழல் மிகக் குறுகும் கணமே அந்த இடத்தின் நண்பகல். சராசரியாக அது 11.54க்கு வரும், கோடைகால நேரத்தில் 12.54. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்ந்தது என்ற இரு காரணங்களால் இந்தக் கணம் ஆண்டு முழுதும் நகர்கிறது: குளிர்கால நேரப்படி நவம்பர் தொடக்கத்தில் 11.38, பெப்ரவரி நடுவில் 12.08. நிழலின் நீளமும் மாறும். ஜூன் 21 அளவில் அது 40 சென்டிமீட்டர். டிசம்பர் 21 அளவில் 2.6 மீட்டர்.

நிழலின் திசையையும் கவனிக்க வேண்டும். நண்பகல் நிழல் உண்மையான வடக்கை நோக்கும். மொன்றியல்வாசிகள் வடக்கு என்று சொல்வது உண்மையில் வடமேற்கு. அதனால் அந்த ‘வடக்கு’ நோக்கிச் செல்லும் செயின்ட் லாரன்ட் சாலையில் நண்பகல் நிழல் சாலைக்குக் குறுக்காகச் சாய்ந்து விழும். இதைப் பார்க்க நல்ல இடம் பழைய துறைமுகம். 1922இல் கட்டிமுடிந்த கடிகாரக் கோபுரம் அங்கே இருப்பதால், நிழலையும் மணியையும் அருகருகே ஒப்பிடலாம்.

சென்னைக்கும் மொன்றியலுக்கும் குளிர்காலத்தில் கடிகார வேறுபாடு பத்தரை மணி; சூரிய வேறுபாடு 10 மணி 15 நிமிடம்தான். இந்திய நேரம் 82½ பாகைக் கோட்டைச் சேர்ந்தது என்பதால் சென்னைச் சூரியன் கடிகாரத்துக்கு 9 நிமிடம் பிந்துகிறது. மொன்றியலின் 6 நிமிட முந்தலைச் சேர்த்தால் அந்த 15 நிமிடம் கிடைத்துவிடும்.

பஞ்சாங்கமும் கடிகாரத்தை அல்ல, அந்தந்த ஊரின் சூரியனையே பின்பற்றுகிறது. பகலை எட்டாகப் பகுத்து, ஞாயிறன்று கடைசிக் கூற்றை ராகு காலம் என்பர். சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைந்தால் அது 4.30 முதல் 6 வரை. மொன்றியலிலோ ஜூன் இறுதியில் அது மாலை 6.50 அளவில் தொடங்கி 8.45 வரை நீளும்; டிசம்பர் இறுதியில் 3.10 முதல் 4.15 வரை சுருங்கும். எனவே சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தை அங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. மொன்றியலின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கொண்டு கணிக்க வேண்டும்.