கிறவுன் தவறணையும் ஒரு கட்டுக்கதையும்

இலண்டனின் கிளார்க்கன்வெல் கிறீன் என்னும் சதுக்கத்தில் கிறவுன் என்ற பழைய தவறணை ஒன்று நிற்கின்றது. லெனினும் ஸ்டாலினும் முதன்முதல் சந்தித்தது அங்கேதான் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. 1903 என்பார் சிலர். 1905 என்பார் வேறு சிலர். முற்போக்கு எண்ணமுடையோரும் இதனை ஐயுறாது திருப்பிச் சொல்வதுண்டு.

வரலாறு இக்கதைக்கு இடந்தரவில்லை. 1902இல் பாட்டுமியில் கைதான ஸ்டாலின், 1903இல் சிறையிலிருந்து சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1905இல் இலண்டனில் நடந்த கட்சியின் மூன்றாம் மாநாட்டுக்கு அவர் வரவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் பின்லாந்தின் தம்மர்போர்ஸ் நகரிலேயே லெனினை முதன்முதலாகக் கண்டதாக அவரே 1924இல் கூறியுள்ளார். பேருருவான ஒரு மனிதரை எதிர்பார்த்துச் சென்றவருக்கு, முன்னதாகவே வந்து ஒரு மூலையிலிருந்து சாதாரணப் பிரதிநிதிகளுடன் உரையாடிக்கொண்டிருந்த எளிய மனிதரையே காண முடிந்ததாம்.

கதை பொய் என்பதோடு நின்றுவிடலாகாது. இரு தலைவர்கள் அமர்ந்ததாற்றான் ஓரிடம் வரலாற்றுச் சிறப்பெய்தும் என்ற எண்ணமே இக்கதையைப் பிழைக்க வைத்திருக்கின்றது. அவ்வெண்ணம் அச்சதுக்கத்தின் மெய்யான மாந்தரை மறைத்துவிடுகின்றது.

கடிகாரம் செய்வோரும் நகைத் தொழிலாளரும் செறிந்து வாழ்ந்த பகுதி கிளார்க்கன்வெல். தவறணை என்றதும் நம்மவர் குடிகேட்டை மட்டுமே நினைப்பர். ஆயின், சொந்த மண்டபமற்ற இங்கிலாந்துக் கைவினைஞருக்குத் தவறணையின் மேன்மாடியே கூட்ட மண்டபமாயிற்று. நோய்க்கும் மரணச் செலவுக்கும் உதவும் சகாயநிதிச் சங்கங்கள் அங்கே கூடின. வேலை தேடுவோர் அங்கே விசாரித்தனர். தொழிற்சங்கங்கள் அங்கே கருக்கொண்டன. கிறவுனின் மாடியிலோ அப்பொல்லோ என்ற இசைமண்டபம் இருந்தது. எனினும் தவறணைக்காரனின் அனுமதிப்பத்திரம் நீதவான்களின் கையிலிருந்தது. தீவிரவாதக் கூட்டத்துக்கு அறை கொடுத்தவன் பிழைப்பையே இழக்கக் கூடும். 1872இல் இலண்டன் தேசாபிமானக் கழகத்தார் அதே சதுக்கத்தில், 1738இல் எழுந்த பழைய வேல்ஸ் தருமப் பாடசாலைக் கட்டடத்தில் தமக்கென ஓரிடம் கொண்டமையின் பொருளை இங்குதான் உணரலாம். பெண்களையும் உறுப்பினராக ஏற்ற கழகம் அது.

இலக்கியம் இம்மக்களை எவ்வாறு கண்டது? டிக்கின்ஸின் ஒலிவர் ருவிஸ்ற் சிறுவன் பிக்பொக்கெற் திருட்டை முதன்முதல் காண்பது இச்சதுக்கத்துக்கு அருகில்தான். புல்லில்லாத இடத்துக்குப் பசுமையின் பெயரா என்று ஆசிரியர் அங்கே எள்ளவும் செய்கின்றார். டிக்கின்ஸின் கோபம் நேர்மையானது. ஆனால் கைவினைஞன் அவர் கண்ணிற் படவில்லை. 1889இல் வெளிவந்த ஜோர்ஜ் கிசிங்கின் 'கீழுலகம்' இவ்வகையில் ஒருபடி மேலானது. கூலியும் வாடகையும் மனிதரை எவ்வாறு அரைக்கின்றன என்பதை அவர் நுணுகி அறிந்தவர். கிர்க்வுட் என்னும் நகைத் தொழிலாளியைப் போன்ற பாத்திரத்தைக் கிளார்க்கன்வெல்லை அறியாதவர் படைத்திருக்க முடியாது. ஆயினும், தொழிலாளரின் விடுமுறைக் களிப்பு அவர் கையிற் குடிவெறியாகவும் அடிதடியாகவும் முடிகின்றது. ஹியூவெற்றின் அரசியல் ஆவேசமோ தோற்றுப்போன ஒருவனின் கைப்பாகவே ஒலிக்கின்றது. இரக்கம் உண்டு, நம்பிக்கை இல்லை. அருவருப்பை யதார்த்தம் என்று கொள்ளும் இக்குறை நம் எழுத்தாளர் சிலரிடமும் உண்டு.

அந்நாவலுக்கு இரண்டாண்டு முன்னர், 1887 நவம்பர் 13ஆம் நாள், அதே சதுக்கத்திற் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. வேலையின்மையையும் அயர்லாந்தில் நடந்த அடக்குமுறையையும் எதிர்த்து எழுந்த கூட்டம் அது. வில்லியம் மொறிஸும் அன்னி பெசன்றும் பேசினர். ட்ரபல்கார் சதுக்கம் நோக்கி அணிவகுத்த அம்மக்களைப் பொலிசார் வழியிலேயே தாக்கிச் சிதறடித்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை.

லெனினுக்கும் இங்கே இடமுண்டு. தவறணைக் கதை அதற்கு வேண்டியதில்லை. கழகம் இருந்த அக்கட்டடத்தின் அச்சகத்தில் 1902-03இல் 'இஸ்க்ரா'வின் பதினேழு இதழ்கள் அச்சாயின. 1933 முதல் மார்க்ஸ் நினைவு நூலகம் இருப்பதும் அக்கட்டடத்திலேயே. ஆண்டுதோறும் இலண்டனின் மேதின ஊர்வலம் புறப்படுவதும் அந்தப் புல்லில்லாச் சதுக்கத்திலிருந்துதான்.