அடுத்த மேடுதான் சாமி

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு மலை என்றாலே வெளியூர்ப் பயணம். கேப்பர் மலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அது மத்தியச் சிறையும் முந்திரித் தோப்பும் உள்ள செம்மண் மேடு. ஏறிக் கும்பிட வேண்டுமென்றால் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி இருக்கிறது. 74 படிதான், மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டு அது என்பது ஊர் நம்பிக்கை. வேதாந்த தேசிகர் அங்கே தவமிருந்து ஹயக்ரீவரைக் கண்டார் என்பார்கள். முகூர்த்த நாளில் போனால் ஒரே நேரத்தில் பல கல்யாண மேளம் கேட்கும்.

இலங்கையில் காலிக்குப் பக்கத்தில், உனவட்டுனக் கடற்கரையை ஒட்டி, ருமஸ்ஸல என்றொரு குன்று இருக்கிறது. அனுமன் கையிலிருந்து உதிர்ந்ததுதான் அதுவும். அனுராதபுரம் பக்கத்து ரிட்டிகல மலைக்கும் அதே கதையைச் சொல்கிறார்கள். கதை ஒன்றாக இருந்தாலும் குன்றுகளின் கதி வேறாகிவிட்டது. ருமஸ்ஸலவுக்குச் சூரியன் மறைவதைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். ரிட்டிகல கடுமையாகக் காக்கப்படும் வனம். அதன் உச்சிக்கு நினைத்தபடி போக முடியாது. ஔஷதகிரியில் கல்யாணக் கூட்டம்.

யாழ்ப்பாணத்தாரும் நம்மைப் போலத் தட்டை நிலத்துக்காரர்கள். கீரிமலை என்ற பெயரில் அங்கே இருப்பது கடலோரக் கேணி. அங்கிருந்து வந்த ஆறுமுக நாவலர்தான் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மார்கழித் திருவாதிரைக்குக் கடல் கடந்து வந்து தில்லையில் தங்குவது அவர்களுக்குப் பழைய வழக்கம். இப்படி இரு கரையிலும் சமவெளியில் பிறந்தவர்கள் அடுத்தவர் ஊர் மலையில் போய் ஏறுகிறோம். அங்கே என்ன பேசுகிறோம், யாரைக் கேலி செய்கிறோம், அந்தக் கேலிக்கு யார் வரம்பு கட்டுகிறார்கள் என்பதில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை நம் பக்கத்து இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இலங்கையின் சிவனொளிபாதமலையிலிருந்து தொடங்கலாம். 2,243 மீட்டர் உயரம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை ஏறும் காலம். நல்லதண்ணி வழியாகப் போனால் 5,000 படிகளுக்கு மேல், இராமுழுதும் விளக்கெரியும். உச்சிப் பாறையில் இருக்கும் சுவடு பௌத்தருக்குப் புத்தர் பாதம், சைவருக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம், கிறிஸ்தவரில் சிலருக்குப் புனித தோமாவின் பாதம். 14-ஆம் நூற்றாண்டில் ஏறிய இபன் பதூதா, பிடித்து ஏறுவதற்குப் பாறையில் மாட்டியிருந்த சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். போளூர்ப் பக்கத்துப் பர்வதமலையில் கடப்பாறைப் படியில் சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஏறியவர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று உடனே புரியும்.

சிங்களக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் கூட்டமாகத்தான் ஏறுவார்கள். கூட்டத்துக்கு ‘நடே’ என்று பெயர். பலமுறை ஏறிப் பழகிய பெரியவர் ஒருவர் அதற்குத் தலைவர். அவர் ‘நடே குரா’. முதல்முறை வருபவரைக் ‘கோடு’ என்பார்கள். கோடுவைக் கேலி செய்யலாம், பயமுறுத்தலாம், சிரிக்கலாம். ஆனால் அவர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தால் கேலி நின்றுவிடும், பாட்டு தொடங்கிவிடும். நடே குரா ஓரடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எதிர்ப்படும்போது ‘கருணாவாய்’ என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள். படியோரத்தில் ஒரு கிழவி இரண்டு முழங்காலையும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கிவரும் இளைஞர் கூட்டம் அவருக்கு நேராக வந்ததும் குரலை உயர்த்தி வாழ்த்துப் பாடும். கிழவி பாட்டிலேயே பதில் சொல்லிக்கொண்டு எழுந்து நடப்பார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது, முடியவில்லை என்று வாய்விடக் கூடாது என்பது அந்த மலையில் பெரியவர்கள் சொல்லும் விதி. வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோத்து, நூலை நீளவிட்டபடி மேலே போவார்கள். உச்சிக்குப் போனதும் மணி அடிக்கலாம். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை. கோடு ஒரேயொரு தடவை அடிப்பார். அந்த ஒற்றை மணியோசையில் அவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நம் மலைகளில் வழக்கம் இதற்கு நேர்மாறு. தூரத்தைக் கேட்பதுதான் இங்கே பேச்சே. வெள்ளியங்கிரியில் நாக்குத் தள்ளி நிற்பவர், இறங்கிவருபவரைப் பார்த்து, “இன்னும் எவ்வளவு தூரம் சாமி?” என்பார். “வந்துருச்சு சாமி, அடுத்த மேடுதான் சாமி” என்று பதில் வரும். அடுத்த மேட்டில் கேட்டாலும் அதே பதில்தான். ஏழு மலைக்கும் இந்தப் பொய் தொடரும். நேற்று ஏமாந்தவர் இன்று இறங்கும்போது இன்னொருவரை ஏமாற்றுவார். இதைவிடக் கனிவான பொய்யை நான் கேட்டதில்லை. கைதட்டிச் சுனையில் கைதட்டினால் தண்ணீர் வரும் என்று தட்டிப் பார்ப்பதும், பீமன் களியுருண்டைப் பாறையைக் காட்டிப் பசியைப் பற்றிப் பேசுவதும் இதே வகை.

சபரிமலையில் இந்த விளையாட்டு இன்னும் ஆழமானது. முதல்முறை மாலை போட்டவர் கன்னிசாமி. கன்னிசாமிகள் சரங்குத்தியில் சரம் குத்துவார்கள்; கன்னிசாமி ஒருவர்கூட வராத ஆண்டில் மாளிகைப்புறத்தம்மனை மணந்துகொள்வதாக ஐயப்பன் சொல்லியிருப்பதாக நம்பிக்கை. கடலூரிலிருந்து வேனில் போகிற பதினெட்டு வயதுப் பையன் ஒரு தெய்வத்தின் கல்யாணத்தையே தள்ளிப்போடுகிறான். அவனைக் கிண்டலடிப்பவர்களுக்கும் அது தெரியும். இலங்கையிலிருந்து சபரிமலைக்கு வரும் தமிழர்களும் அதே பெயரைத்தான் சுமந்து வருகிறார்கள்.

சாமியிடமே வம்பு பேசிய மரபு நம்முடையது. பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில். கயிலை மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்த காரைக்காலம்மையார் அதில் இருக்கிறார். கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, புரண்டு புரண்டு அதே கயிலைக்குப் போக முயன்றதும் இருக்கிறது. அவர் உழவாரப்பணி செய்த திருவதிகையை மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியே தங்கிய சுந்தரரும் இருக்கிறார். இறைவனையே பித்தன் என்று ஏசியவர் அவர்தான்! ஏசியவரும் மிதிக்க அஞ்சியவரும் ஒரே ஆள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வெளியாளைக் கேலி செய்யும் மலைகளும் உலகில் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் மலைக்கு 1869 முதல் பல்சக்கர ரயில் ஓடுகிறது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் நடைபாதை அந்த மலையைத் தாண்டிச் செல்கிறது. மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு, புகைவிட்டுக்கொண்டு சொகுசாக ஏறும் ரயிலைக் கண்டால் கோபம். கால்சட்டையை இறக்கிப் பயணிகளுக்குப் பின்புறத்தைக் காட்டுவதை ஒரு மரபாகவே ஆக்கிவிட்டார்கள். 2007-இல் சிலர் கைதும் ஆனார்கள். நீலகிரியிலும் பல்சக்கர ரயில் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்தால் நம்மவர்கள் கையாட்டுகிறார்கள். பழனியில் 1966 முதல் விஞ்ச், 2004 முதல் ரோப்கார். காவடி எடுத்துப் படியேறுகிறவர் விஞ்சில் போகிறவரைப் பழித்து நான் கண்டதில்லை. போகிறவர் வயதானவராக இருப்பார், கைக்குழந்தைக்காரியாக இருப்பார். இரண்டு பக்கமும் அரோகராதான். நடந்தவனுக்கே மலை சொந்தம் என்ற எண்ணம் நம் மலைகளில் இல்லை. இலங்கையிலும் இல்லை. கேலி நம் கூட்டத்துக்குள்ளே, முதல்முறை வந்தவன்மேல், வெளியாள்மேல் அல்ல.

அந்த ஒழுங்கு குலையும் இடங்களும் இரண்டு நாட்டிலும் இருக்கின்றன. 2018-இல் சிகிரியாவுக்கு எதிரே உள்ள பிதுரங்கல பாறையின் உச்சியில் மூன்று இலங்கை இளைஞர்கள் கால்சட்டையை இறக்கிப் படமெடுத்து முகநூலில் போட்டார்கள். கைதானார்கள். அடிவாரத்தில் விகாரை, தோளையும் முழங்காலையும் மறைத்துக்கொண்டுதான் அதைக் கடந்து ஏற வேண்டும். வெளிநாட்டார் வாடகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அடக்கமாக ஏறும் அதே பாறையில், உள்நாட்டுப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள். வாஷிங்டன் மலைக்காரர்களுக்காவது எதிரே ஒரு ரயில் இருந்தது. இவர்கள் எதிரே கேமரா மட்டும்தான்.

பக்கத்திலேயே சிகிரியா. அங்குள்ள கண்ணாடிச் சுவரில், எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை மலை பார்க்க வந்தவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கீறியிருக்கிறார்கள். பாறையில் தீட்டிய ஓவியப் பெண்கள் பேச மறுக்கிறார்கள் என்று சண்டை பிடித்தவர் உண்டு. வந்திருந்த பெண்கள் எழுதிய வரிகளும் உண்டு. செனரத் பரணவிதான அவற்றில் 685 பாட்டுகளைப் படித்து 1956-இல் நூலாக்கினார். பழஞ்சிங்களக் கவிதைக்கு அது பெரிய புதையல். 2015-இல் அதே சுவரில், கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப்பெண் தன் பெயரைக் கீறினார். இரண்டாண்டுச் சிறை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி மன்னித்தார். சுவரைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனாலும் ஏழைப் பெண் ஒருத்திக்கு இரண்டாண்டுச் சிறை என்பது கொடுமை. தொடாதே என்று தோளைத் தட்டிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் நீதிமன்றத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சிவனொளிபாதமலையிலும் வெளிநாட்டார் வருகிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, விடியலுக்கு முன் உச்சிப் படிகளில் போர்வை போர்த்தி இடம் பிடித்துவிடுகிறார்கள். பின்னால் வரும் கிழவிகள் பாதத்தை நெருங்க நெரிசல்பட வேண்டியிருக்கிறது. இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ஹட்டன் பொலிஸார் பருவந்தோறும் வழியில் கஞ்சாவோடு பிடிப்பது உள்ளூர் இளைஞர்களைத்தான். ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் அவர்கள்தான். நடே குரா இல்லாமல் நண்பர்களாக மட்டும் வருகிற கூட்டங்கள் அவை.

தமிழ்நாட்டில் அந்தப் பெரியவரின் இடத்தை வனத்துறை எடுத்துக்கொண்டுவிட்டது. வெள்ளியங்கிரி பிப்ரவரி முதல் மே வரைதான் திறப்பு. பூண்டி அடிவாரத்தில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிஸ்கட்டை உறையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். பாட்டிலோடு இறங்கினால் பணம் திரும்பக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் கருகிய பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் அரசே 40 வழித்தடங்களைத் திறந்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் காவலர் பையைத்தான் பார்ப்பார். வாயையும் நடத்தையையும் பார்க்க அவரால் முடியாது. பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், நடுராத்திரியில் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போடுகிறவனுக்கு எதை ஒட்டுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரியில் பத்து வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் உள்ள பெண்கள் ஏறுவதில்லை என்பது வழக்கம். சிவனொளிபாதமலையில் அம்மா, அத்தை, பேத்தி என்று வீடே ஏறுகிறது; பாட்டை எடுத்துக்கொடுப்பதே பெரும்பாலும் பாட்டிகள்தான். தாயும் தமக்கையும் கூட வரும் கூட்டத்தில் பையன்களின் வாய் தானாகத் திருந்துகிறது. பெண்களைத் தள்ளிவைத்ததில் மலைக்குப் புனிதம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல காவல் ஒன்றை இழந்தோம் என்றுதான் படுகிறது.

சுற்றுலாக்காரர், பக்தர் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். வெள்ளியங்கிரி அடிவாரத்து இருளர் குடியிருப்பில் நின்று பார்த்தால், கடலூர்ப் பதிவெண்ணோடு வந்து இறங்கும் வேன்காரர்கள் எல்லாருமே வெளியாட்கள்தான். நல்லதண்ணியில் தேயிலைத் தோட்டத் தமிழருக்கு, ஜெர்மன்காரரும் கொழும்புக்காரரும் ஒன்றுதான். யார் எறிந்த பாட்டிலானாலும் கிடப்பது அவர்கள் ஊர் ஓடையில். நெற்றியில் விபூதி இருந்தது என்பதால் அந்தப் பிளாஸ்டிக் மக்கிப்போகாது.

சபரிமலைக்கு நாம் குருசாமி இல்லாமல் போவதில்லை. எந்த வயதுக்காரனும் அவர் பேச்சைக் கேட்கிறான், அவர் காலைத் தொடுகிறான்; கன்னிசாமியை எதுவரை கிண்டலடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதே பிள்ளைகள் வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் பேசிப் பதினைந்து பேர் வேன் பிடிக்கிறார்கள். பெரியவர் ஒருவர்கூட இருப்பதில்லை. மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் இருக்கும் குருசாமிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: மாசியிலும் பங்குனியிலும் அந்த வேன்களில் நீங்களும் ஏறுங்கள். பையன்களே வந்து கூப்பிட்டால் இன்னும் நல்லது. கேலியை நிறுத்த வேண்டாம். அடுத்த மேடுதான் என்று தாராளமாகப் பொய் சொல்லுங்கள். ஸ்பீக்கரை மட்டும் அடிவாரத்தில் வாங்கி வைத்துவிட்டு, பாட்டை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.