ஃபெலிக்ஸ் வில்பிரட்டின் திருச்சபைச் சிந்தனை: பேராக் தோட்டப்புறத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி குறித்துத் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டது. குருக்களுக்குத் துணை நிற்பவர்களாக மட்டுமே கருதப்பட்ட பொதுநிலையினர், திருமுழுக்கினாலேயே பணிப்பொறுப்புடையவர்கள் என்பது அதன் சாரம். இக்கருத்தை ஆசியச் சூழலில் வளர்த்தெடுத்த தமிழ் இறையியலாளருள் பேராசிரியர் ஃபெலிக்ஸ் வில்பிரட் (1948–2025) குறிப்பிடத்தக்கவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பினது இறையியல் ஆலோசனைக் குழுவிலும் பங்காற்றினார். அக்கூட்டமைப்பு 1990இல் பாண்டுங் நகரில் கூடியபோது முன்வைத்த 'பங்கேற்புத் திருச்சபை' என்னும் கருத்தாக்கத்தோடு இவருடைய எழுத்து நெருங்கிய உறவுடையது.

விளிம்பில் வாழும் மக்களே இறையியல் பிறக்கும் களம் என்பது வில்பிரட்டின் அடிப்படை நிலைப்பாடு. 'மார்ஜின்ஸ்' (2008) என்னும் நூலின் தலைப்பே இதனை உணர்த்தும். பேராக் மாநிலத் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றைக் கொண்டு இதனை உரைத்துப் பார்ப்பது பயனுடையதென்று கருதுகிறோம்.

பாகான் செராயை அடுத்த சூசைபாளையம், பிரெஞ்சு மறைப்பணியாளர் ரெனே ஃபே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென உருவாக்கிய குடியிருப்பாகும். ஆனால், இரப்பர்த் தோட்டங்களில் சிதறி வாழ்ந்தோர்க்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. குருவானவர் எப்போதாவது வந்து செல்லும் இடங்களில் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும், இறந்தவரை அடக்கம் செய்யவும் முன்னின்றவர் உபதேசியாரே. அவரும் பெரும்பாலும் அதே லயத்தில் குடியிருந்த தொழிலாளிதான். பாண்டுங் மாநாடு 'புதிய வழி' என்று பெயரிட்டது இங்கே பழைய நடைமுறை! 1976ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீபகற்ப மலேசியக் குருக்கள் திருச்சபைப் புதுப்பித்தலுக்காக ஒரு மாத காலம் ஒன்றுகூடியபோது, பங்குகளைப் பொதுநிலையினரே நடத்தினர் என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு நோக்கின் வில்பிரட்டின் நிலைப்பாடு வலுப்பெறுகிறது. எனினும் ஓர் இடைவெளியும் புலப்படுகிறது. அவர் காட்டும் விளிம்பு, மக்கள் ஓரிடத்தில் கூடி வாழும் விளிம்பு. பேராக்கில் அவ்விளிம்பே கலைந்துபோயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை இரப்பரை வென்றது, பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்ட மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகரங்களின் புறத்தே குடியேறினர். லயம் இல்லையேல் உபதேசியாரின் அதிகாரமும் இல்லை. ஏனெனில், அது எவரும் எழுத்தில் வழங்கிய அதிகாரமன்று. அண்டை வீட்டார் அளித்த மதிப்பு. நகரத்து அன்பியக் கூட்டத்தில் அதே மனிதர் பின்வரிசையில் அமர்கிறார். பொதுநிலையினர் பணியை மனப்பாங்கின் மாற்றமாகவே பெரிதும் விளக்கும் இறையியல், அப்பணியைத் தாங்கிய நிலத்தையும் உழைப்பு முறையையும் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பதே நம் மதிப்பீடு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியை முறையான திருப்பணியாக நிறுவினார். தோட்டத்து உபதேசியாருக்கு இது காலங்கடந்து வந்த ஏற்பு. வில்பிரட்டின் முதன்மையான நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால் அவற்றை அவர் படித்திருக்க வாய்ப்பும் குறைவு. அவரைப் போன்றோரின் நினைவுகள் சிலிபின், பாகான் செராய்ப் பங்குகளின் முதியோரிடம் இன்னும் கிடைக்கக்கூடும். அவற்றைத் தமிழிலேயே பதிவு செய்யும் கள ஆய்வை நம் மாணவர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளலாம்.