எந்தச் சபையிலும் அதே சாரீரம்

மைக் வருவதற்கு முன்பு கச்சேரிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வீசிப் பாடுவது. நாடகக் கொட்டகையில் எஸ்.ஜி. கிட்டப்பா உச்சஸ்தாயியில் நின்றது அழகுக்காக மட்டுமல்ல. கடைசி வரிசைக்காரரும் காசு கொடுத்து வந்தவர். மற்றது அடங்கிய சங்கீதம். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைகளில் ரசிகர்தான் மூச்சடக்கிக் காது கொடுத்தார். அந்த நெருக்கத்தைப் பெரிய அரங்குக்குக் கொண்டுவந்தது மைக்தான். எம்.டி. ராமநாதனின் ஆழ்ந்த கீழ்ஸ்தாயி அத்தனை பேரை எட்டியதில் அதற்குப் பங்குண்டு.

இன்று மூன்றாவதாக ஒரு பாணி தலையெடுத்திருக்கிறது: மானிட்டர் பாணி. மேடையில் இருப்பவர்களுக்கே ஒலியைத் திருப்பித் தரும் மானிட்டர் ஸ்பீக்கரில் மிருதங்கக்காரர் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். வயலின் சும்மா இருக்குமா? கடைசியில் தன் குரலே கேட்காமல் பாடகர் தொண்டையை இறுக்குகிறார். ஊருக்கு ஊர் குரல் மாறுகிறது என்று அரங்கை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

அரங்கும் லேசுப்பட்டதல்ல. ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1890களில் இருக்கை மெத்தைகளை ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் சுமந்துவந்து, முழக்கம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். நம் சபைகளில் அந்த மெத்தையின் வேலையை ரசிகர்கள் செய்கிறார்கள். மத்தியானம் காலி அரங்கில் சரிபார்த்த அளவு, சாயங்காலம் கூட்டம் நிறைந்ததும் வறண்டு கேட்கும். கல்யாண மண்டபத்தில் பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், பந்தி இரைச்சல். அங்கே சத்தத்தைக் கூட்டக் கூட்ட சாகித்யம் கரையும். கீழ்ஸ்தாயிப் பகுதியின் முழக்கத்தைக் குறைத்து, சிறு ஸ்பீக்கர்களை ரசிகர் பக்கத்தில் வைக்க வேண்டும். திறந்த பந்தலிலோ திரும்பி வரும் ஒலியே இல்லை. தன் குரல் மெலிந்துவிட்டதாக எண்ணிப் பாடகர் கத்தத் தொடங்குவார்.

சிலர் சொந்த மைக்கைப் பையில் கொண்டுபோகிறார்கள். நல்ல பழக்கம், ஆனால் அது பாதிதான். ஒரு திசையை மட்டும் வாங்கும் மைக்கை நெருங்கினால் கீழ்ஸ்வரங்கள் உப்பும்; வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் போகும். நிரவலில் பக்கவாத்தியக்காரர் பக்கம் முகம் திருப்பும்போது நழுவும் அட்சரத்தை எந்த மிக்ஸரும் மீட்டுத் தராது. எந்த ஊரிலும் மாறாமல் காக்க வேண்டியது இந்த ஒரு சாண் தூரத்தைத்தான்.

என் அளவுகோல் எளிது. பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் கடைசி வரிசைக்குத் தம்புரா கேட்க வேண்டும். அதற்குத் தனி மைக் கேட்டால், "அதான் சுருதிப் பெட்டி இருக்கே சார்" என்கிறார்கள்.